மேஸ்திரி படித்த இரண்டாவது காகிதம்

இளவரசிக்கு ஆபீசில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "நாங்க எழுதறத அவ ஓட வைப்பா" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அதற்கு மேல் கேட்டால் எனக்குக் கோபம் வரும். அதற்கு மேல் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் பிடித்தது. அவள் நிச்சயதார்த்தத்துக்கு வந்து காபி குடித்துக்கொண்டே கேட்கிறவர்களுக்கு இரண்டு நிமிடத்தில் எப்படிச் சொல்வது? ஆனால் அந்த நிச்சயதார்த்தத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அவள் வேலையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதனால் இந்த ஒரு தடவை பொறுமையாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸ் சிதம்பரம் வடக்கு வீதியில், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நடத்துகிறவர் தில்லைநாதன் சார். மொத்தம் ஒன்பது பேர். நான் சுவாதி, குறிஞ்சிப்பாடிக்காரி, புரோகிராம் எழுதுகிறவள், கொஞ்சம் முன்கோபி. இளவரசி கடலூர் முதுநகருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அம்மா சின்னம்மாள் கடலூரில் மீன் விற்கிறார். இளவரசி படித்தது இன்ஜினியரிங், ஆனால் எங்கள் ஆபீசில் சேர்ந்தது போன் எடுக்கிற வேலைக்கு. வாடிக்கையாளர் திட்டினால் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று சார் அவளை எடுத்தார். அவளோ திட்டுகிறவரைச் சிரிக்கவைத்து, அவர் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை கேட்டுவிட்டுத்தான் போனை வைப்பாள்.

பில்ட் வேலை அவள் கைக்கு வந்தது தற்செயலாக. நான் எழுதுகிற புரோகிராம் அப்படியே யாருடைய போனிலும் போய் உட்கார்ந்துகொள்ளாது. நான் எழுதியது, அடுத்த மேசையில் இருப்பவர் எழுதியது, படங்கள், யாரோ முகம் தெரியாதவர்கள் எழுதிவைத்த துண்டுகள் எல்லாவற்றையும் சரியான வரிசையில் சேர்த்துக் கட்டி, ஒரே பொட்டலமாக்க வேண்டும். அந்தக் கட்டுகிற வேலைதான் பில்ட். அதைச் செய்வது ஒரு கருவி. அந்தக் கருவியைக் கவனித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று பெங்களூருக்குப் போய்விட்டார். இரண்டு நாள் எதுவும் ஓடவில்லை. நாங்கள் ஆளுக்கொரு வரியை மாற்றி இருந்ததையும் கெடுத்தோம். மூன்றாம் நாள் இளவரசி, போன் அடிக்காத நேரமாகப் பார்த்து, அந்தக் கருவி படிக்கிற கோப்புகளைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். சாயங்காலம் ஓடியது. அன்றோடு அவள் போன் எடுப்பதை நிறுத்தினாள்.

அந்தக் கருவிக்கு அவள் வைத்த பெயர் மேஸ்திரி. எனக்கு அவள் விளக்கியதும் அப்படித்தான்.

"வீடு கட்டற மேஸ்திரி வந்ததும் கல்லத் தூக்குவாரா? மொதல்ல பேப்பரக் கேப்பாரு. எத்தினி ரூமு, எந்தக் கம்பி, எந்த சிமிட்டி, எல்லாம் அதுல இருக்கணும். இவரும் அப்பிடித்தான் சுவாதி. நம்ம ஃபோல்டர்ல இருக்கற கான்ஃபிக் ஃபைலப் படிப்பாரு. என்னென்ன பாகம் இருக்குது, எது முடிஞ்சாதான் எத ஆரம்பிக்கலாம்னு ஒரு வரிசை போடுவாரு. வரிசை போட்டு முடிச்ச அப்பறந்தான் ஆளுங்கள வேலைக்கே கூப்புடுவாரு."

"நேத்து கட்டுன சொவரு அப்பிடியே இருந்தா?"

"தொட மாட்டாரு. இது மாறல, போன்னு தாண்டிப் போய்டுவாரு. அதான் மொத தடவ இருவது நிமிஷம், ரெண்டாந்தடவ இருவது செகண்டு. ஆனா ஒன்னு, அவருக்குன்னு சொந்தமா ஒரு யோசனையும் கெடையாது. பேப்பர்ல தப்பா இருந்தா தப்பா கட்டிட்டு, முடிஞ்சிதுன்னு சந்தோஷமா நிப்பாரு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவள் சிரித்தால் கீழே ஜவுளிக்கடையில் புடவை மடிப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

மீனவர் கூட்டமைப்பு ஒன்றுக்காக நாங்கள் ஒரு ஆப் செய்துகொடுத்திருக்கிறோம். 'அலைச்செய்தி' என்று பெயர். காலையில் திறந்தால் அலை எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், புயல் எச்சரிக்கை உண்டா என்று காட்டும். கடலூரைச் சுற்றியுள்ள குப்பங்களில் முக்கால்வாசிப் போன்களில் அது இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரைக்கும் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம், அரசாங்கத் தடை. அந்த இரண்டு மாதமும் ஆப்பின் நெற்றியில் மஞ்சள் பட்டையில் 'தடைக்காலம். படகை இறக்க வேண்டாம்' என்று நிற்கும். பட்டை வேண்டுமா வேண்டாமா என்பதை கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு வரி தீர்மானிக்கிறது. அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மேஸ்திரி பட்டையோடோ பட்டை இல்லாமலோ ஆப்பைக் கட்டுவார்.

தடைக்காலத்தில்தான் அந்தப் பக்கத்தில் கல்யாணப் பேச்சும் நடக்கும். ஆண்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், பேசிமுடிக்க ஆள் கிடைக்கும். போன வருடம் இளவரசிக்கும் பேசினார்கள். மாப்பிள்ளை செம்பியன், முதுநகரில் படகு இன்ஜின் மெக்கானிக். பெண் பார்க்க வந்த அன்று, "உங்க வேலையில எது ரொம்ப கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறார். "சத்தமே போடாம தப்பு பண்ற மிஷினுதான்" என்றாளாம் இவள். "எனக்கும் அதேதாங்க" என்றாராம் அவர். மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து அதையே பத்துத் தடவை சொன்னாள். எனக்கு ஒரே நேரத்தில் சந்தோஷமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். செம்பியனுக்கு அப்பா இல்லை. வீட்டில் எல்லாம் தாய்மாமன் காத்தவராயன் பேச்சு. சொந்தமாக விசைப்படகு வைத்திருக்கிறவர், மீசையும் குரலும் பெரிது. "பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா தெனம் பஸ்ஸேறி சிதம்பரம் போய்ட்டு, பொழுது சாஞ்சி வரணுமா? எங்க வீட்டுல என்னா குறைச்சல்?" என்றார். இளவரசி அன்றைக்கு அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தாள். அவள் அழுது நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "எனக்கு அவரும் வேணும்டி, மேஸ்திரியும் வேணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

சின்னம்மாள் விடவில்லை. மூன்று தடவை போய்ப் பேசினார். கடைசியில் காத்தவராயன், "சரி, எழுதிக்குவோம்" என்றார்.

எழுதுவது அந்தக் குப்பத்து வழக்கம். நிச்சயத்துக்கு இரண்டு வீட்டாரும் பேசிவைத்ததை ஆளுக்கொரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவருவார்கள். ஊர்ப் பஞ்சாயத்தார் முன்னால் பெண் வீட்டுக் காகிதத்தை உரக்கப் படிப்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் "சம்மதமா?" என்று கேட்பார்கள், இரண்டு பக்கமும் "சம்மதம்" என்பார்கள். பிறகு இரண்டு காகிதத்திலும் கையெழுத்து. ஆளுக்கொன்றை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போவார்கள். பின்னால் ஏதாவது பேச்சு வந்தால் பெண் வாழ்கிற வீட்டில் இருக்கும் காகிதத்தைக் கொண்டுவரச் சொல்லித்தான் பஞ்சாயத்தார் தீர்ப்பார்களாம். பெண் வேலைக்குப் போவாள் என்ற வரியை இளவரசியே சொல்லி எழுதவைத்தாள்.

நிச்சயம் ஜூன் பதினான்காம் தேதி என்று முடிவானது. தடையின் கடைசி நாள். மறுநாள் படகுகள் கிளம்பிவிடும், பிறகு ஆள் சேராது. எங்கள் ஆப்பில் மஞ்சள் பட்டை போகவேண்டிய நாளும் அதுதான். மதியத்துக்கு மேல் படகுகளில் ஐஸ் ஏற்ற ஆரம்பிப்பார்கள், அதற்குள் புதிய ஆப் போய்ச் சேரவேண்டும். "நீ நிம்மதியா லீவு போடு, ஒரு வார்த்தைய மாத்தறதுக்கு நீ எதுக்கு?" என்று நான்தான் பெரிய மனுஷி மாதிரிச் சொன்னேன். முதல் நாள் சாயங்காலம் எங்கள் கான்ஃபிக் கோப்பில் 'தடை உண்டு' என்ற இடத்தில் 'தடை இல்லை' என்று மாற்றினேன். காலை ஆறு மணிக்கு மேஸ்திரி தானாகவே கட்டி அனுப்பும்படி நேரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். ஒரு வார்த்தைதானே என்று காலையில் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எட்டு மணிக்குப் பட்டுப்புடவையும் லேப்டாப் பையுமாகக் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் போய் இறங்கினேன். வாசலில் வாழைமரம், மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே நுழையும் முன்பே காத்தவராயன் வழிமறித்தார். கையில் போன்.

"நீதான அந்த ஆபீசு பொண்ணு? இன்னாம்மா இது? காலையில புதுசு வந்திருக்குதுன்னு மணி அடிச்சிது, தட்டுனேன். இன்னும் தடைக்காலம், படக எறக்காதங்குது. நான் ஐஸுக்குச் சொல்லிட்டேன். எங்க ஆளுங்க இதப் பாத்துட்டு, தடைய நீட்டிட்டாங்களான்னு கேக்கறானுவ."

வாங்கிப் பார்த்தேன். மஞ்சள் பட்டை ஜம்மென்று நின்றது.

"இதுக்குத்தான் தெனம் சிதம்பரம் போறாளா எங்க வீட்டுக்கு வரப்போற பொண்ணு?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கத்தியிருந்தால்கூடப் பதிலுக்கு நான் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னதால் நேராக இளவரசியைத் தேடிப் போனேன்.

கூடத்துக்குப் பின்னால் இருந்த அறையில் இளவரசிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பின்னல், பாதி மல்லிகை. நான் முழித்த முழியைப் பார்த்தே, "என்னா ஒடைச்ச?" என்றாள். சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "ஐஸ் பொட்டி ஒன்னு இழுத்துப் போடு, லேப்டாப்ப அதுமேல வை" என்றாள்.

ஆபீசில் இருக்கிற பில்ட் மிஷினை லேப்டாப் வழியாகவே தொடலாம், ஆனால் அந்த அறையில் போனில் பேச முடிந்ததே தவிர நெட் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் கொஞ்சம் வந்தது. யாராவது இளவரசியின் போனை அங்கே பிடித்துக்கொண்டு நின்றால் அதன் வழியாக லேப்டாப்புக்கு நெட் கிடைக்கும். நான் எட்டிப்பார்த்தபோது, புதுச் சட்டையும் வேட்டியுமாகச் செம்பியன்தான் அந்தப் பக்கம் போனார். மாப்பிள்ளை இப்போது பெண்ணைப் பார்க்கக்கூடாது. "பாக்காம, திரும்பி நின்னு, போன மட்டும் மேல தூக்கிப் புடிக்கறீங்களா?" என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை மனுஷன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொடிக்கம்பம் மாதிரி நின்றார்.

கோப்பைத் திறந்தோம். 'தடை இல்லை' என்றுதான் இருந்தது. நான் எழுதியது சரி.

"திரும்ப கட்டச் சொல்றேன்" என்று இளவரசி தட்டினாள். பத்து விநாடியில் முடிந்தது என்று பதில் வந்தது. எதுவும் மாறவில்லை, கட்ட ஒன்றுமில்லை என்றது கருவி.

"பழச எல்லாத்தையும் இடிச்சிட்டு மொதல்லேருந்து கட்டுங்க மேஸ்திரி" என்றாள். அதற்குப் பதினெட்டு நிமிடம். அதற்குள் பின்னல் முடிந்தது, ஜடைபில்லை வைத்தார்கள். ஆரத்தித் தட்டோடு வந்தவர்கள் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்தார்கள். சின்னம்மாள் வாசலில் நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். தில்லைநாதன் சார் போனில் வந்து, "அவளத் தொந்தரவு பண்ணாத சுவாதி, விசேஷம்" என்றார். இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும் வந்து, "என்ன சொல்றா?" என்றார்.

கட்டி முடிந்தது. திறந்தோம். அதே மஞ்சள் பட்டை.

எனக்கு மண்டை காய்ந்தது. மணி பத்து. பத்தரைக்குமேல் நல்ல நேரம் குறித்திருந்தார்கள். "பேப்பர்ல இல்லன்னு இருக்குது, அது உண்டுன்னு கட்டுது! பைத்தியமா அதுக்கு?" என்று கத்தினேன். ஜன்னலுக்கு வெளியே போன் ஒரு ஆட்டம் ஆடியது.

இளவரசி கத்தவில்லை. கழுத்தில் மாலையும் நெற்றியில் சுட்டியுமாக, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நம்ம பேப்பர்ல என்னா இருக்குதுன்னு நாம பாக்கறோம். அவரு எந்தெந்த பேப்பரப் படிச்சாருன்னு அவரத்தான் கேக்கணும்" என்றாள். அப்படிக் கேட்கவும் ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு வரியையும் எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்று கருவியே பட்டியல் போட்டுக் காட்டும். எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். தட்டினாள்.

பட்டியல் வந்தது. முதலில் எங்கள் பிராஜக்ட் ஃபோல்டரில் இருக்கும் கோப்பு: தடை இல்லை. அதற்குக் கீழே அந்த மிஷினின் ஹோம் ஃபோல்டரில், அதாவது அதன் சொந்த வீட்டில், இருக்கும் இன்னொரு கோப்பு: தடை உண்டு. கடைசியாக எடுத்துக்கொண்டது: தடை உண்டு.

அவள் அதைப் பார்த்தாள். சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, போட்ட மை கலையுமோ என்று எனக்குப் பயம்.

"நான்தான்டி! ஏப்ரல்ல நான்தான் வெச்சேன்!"

நடந்தது இதுதான். தடை ஆரம்பித்த வாரம், எங்களில் யாரோ பிராஜக்ட் கோப்பில் கைவைத்து அந்தப் பட்டையைத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஆப்பில் தடை அறிவிப்பு இல்லை. எங்களுக்கு அது ஒரு சின்னத் தவறு. அவளுக்கு அப்படி இல்லை. தடைநாளில் படகு இறங்கினால் பிடிபடுவது அவள் சொந்தக்காரர்கள், அவள் ஊர்க்காரர்கள். அதனால் எங்கள் கை படாத ஹோம் ஃபோல்டரில் தனியாக ஒரு வரி எழுதிவைத்திருக்கிறாள். இரண்டு காகிதமும் வேறுவேறாகச் சொன்னால் மேஸ்திரி ஹோம் ஃபோல்டர் சொல்வதைத்தான் கேட்பார். அது அவர் விதி. தடைக்காலம் எங்க வீட்டு விஷயம், ஆபீசுக்காரர்கள் தொடக்கூடாது என்று நினைத்து வைத்தாளாம். வைத்துவிட்டு, கல்யாணப் பேச்சில் சுத்தமாக மறந்துபோனாள். எங்கள் ஆபீசில் வேறு யாருக்கும் இப்படி ஒரு தவறு செய்யத் தோன்றியிருக்காது.

அந்த வரியை அழித்தாள். மறுபடி இடித்துக் கட்டச் சொன்னாள். "பதினெட்டு நிமிஷம். முடிஞ்சதும் தொறந்து பாரு. பட்டை இல்லன்னா மட்டும் அனுப்பு. பாக்காம அனுப்புன, கொன்னுடுவேன்" என்று என்னிடம் சொன்னாள். அதற்குள் வெளியே மேளம் தட்டிவிட்டார்கள். ஜன்னலில் போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் செம்பியன் ஓடினார். நான் அந்தப் போனையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு, கூடத்தில் சிக்னல் வருகிற முன் வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பட்டுப்புடவை மடியில் லேப்டாப்போடு ஒருத்தி உட்கார்ந்திருப்பதை வீடியோக்காரர் மூன்று தடவை எடுத்தார். ஆல்பத்திலும் இருக்கிறேன்.

படிக்க ஆரம்பித்தார்கள். பஞ்சாயத்தில் எழுத்து வேலை பார்க்கிற பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்து, மாப்பிள்ளை பேர், பெண் பேர், கல்யாணத் தேதி, மண்டபச் செலவு யார் பக்கம் என்று ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் இளவரசியின் அப்பா அய்யனாரும் அந்தப் பக்கம் காத்தவராயனும் "சம்மதம்" என்றார்கள். "பெண் கல்யாணத்துக்குப் பின்னும் சிதம்பரத்தில் பார்க்கும் வேலையைத் தொடர்ந்து பார்ப்பாள். சம்மதமா?" என்றார் பெரியவர். காத்தவராயன் கொஞ்சமும் யோசிக்காமல் "சம்மதம்" என்றார்.

அப்பாடா என்று நான் லேப்டாப்பைப் பார்த்தேன். பாதி கட்டி முடிந்திருந்தது.

தாம்பாளத்தில் இரண்டு காகிதமும் பேனாவும் வந்தன. செம்பியன் கையெழுத்துப் போடக் குனிந்தார். அப்போது இளவரசி, "ஒரு நிமிஷம்" என்றாள்.

செம்பியன் பேனாவோடு நிமிர்ந்தார். நிச்சயத்தில் பெண் வாய் திறந்து பேசி அந்தக் கூடம் பார்த்திருக்காது.

"மாப்ள வீட்டு பேப்பரையும் படிச்சிடுங்க பெரியப்பா."

"ரெண்டும் ஒன்னுதாம்மா" என்றார் காத்தவராயன். அவர் குரல் முதல்முறையாகச் சின்னதாக இருந்தது.

"ஒன்னாதான் இருக்கும் மாமா. ஆனா இப்பதான் உள்ள ஒரு தப்பு பண்ணிட்டு வந்தேன். ரெண்டு எடத்துல எழுதி வெச்சி, ஒன்ன மட்டும் பாத்துட்டு சரின்னு நெனச்சிட்டோம். வீட்டுல வெச்ச பேப்பருல வேற இருந்துச்சி. அந்த மிஷினு வீட்டுப் பேப்பரத்தான் கேட்டுது. மத்தத எல்லாம் எவ்ளோ சத்தமா படிச்சாலும் கேக்கல."

பெரியவர் இரண்டாவது காகிதத்தை எடுத்து வாசித்தார். பேர், தேதி, மண்டபச் செலவு எல்லாம் இருந்தன. வேலை வரி இல்லை. நேராக அடுத்த வரிக்குப் போய்விட்டது.

லேப்டாப்பை வைத்துவிட்டு எழுந்தே விட்டேன். சின்னம்மாள் கையை இடுப்பில் வைத்தார். மார்க்கெட்டில் அப்படிக் கைவைத்தால் விலை பேசுகிறவர்கள் பின்வாங்கிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். செம்பியன் முகம் சிவந்துபோய், "மாமா?" என்றார்.

"எழுதறப்போ உட்டுப்போச்சி" என்று காத்தவராயன் அசடு வழிந்தார்.

விட்டுப்போனதா, விடப்பட்டதா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, அதை இங்கே சொல்ல மாட்டேன். இளவரசி அதைக் கேட்கவே இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கும் அப்பிடித்தான் மாமா. நான் எழுதுனதே எனக்கு மறந்துபோச்சி. காலையில உங்களுக்கு மஞ்ச பட்டை வந்துச்சில்ல, அது என் தப்பு. நான் திருத்திட்டேன். நீங்களும் திருத்திட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் சரியாப் போச்சி."

அந்த நேரத்தில்தான் என் நாற்காலியில் இருந்த லேப்டாப் முடிந்தது என்றது. திறந்து பார்த்தேன். பட்டை இல்லை. இரண்டாம் தடவையும் பார்த்தேன், இல்லை. அனுப்பினேன்.

முதலில் பின் வரிசையில் ஒரு போன் மணி அடித்தது. பிறகு பக்கவாட்டில் இரண்டு. அப்புறம் கூடம் முழுக்க. சட்டைப் பையில், வேட்டி மடிப்பில், மேளக்காரர் மடியில் எல்லாம் மணி. பஞ்சாயத்தார் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் இடுப்பைத் தடவினார்கள். சமையல் பக்கத்திலிருந்து ஒருத்தர் கரண்டியோடு ஓடிவந்து, "போவலாமாம்டோய்!" என்று கத்தினார். ஆண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். மேளக்காரருக்கு என்ன புரிந்ததோ, அவர் கெட்டிமேளமே கொட்டிவிட்டார். கையெழுத்தே ஆகவில்லை, அதற்குள் யாரோ பூ எறிந்துவிட்டார்கள்.

காத்தவராயன் தன் போனைத் தட்டிப் பார்த்தார். 'தடைக்காலம் இன்றோடு முடிகிறது. நாளைக் காலை அலை ஒரு மீட்டருக்குள். மேற்கிலிருந்து கச்சான் காற்று, மிதமாக.' அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கி அதிலும் படித்தார்.

"எல்லாருக்கும் ஒன்னாதான் வந்திருக்குதா?" என்று அவளிடம் கேட்டார்.

"எல்லாருக்கும் ஒன்னுதான் மாமா."

"அங்க சிதம்பரத்துல இருக்கற மிஷினு, நீ இங்கேருந்து சொன்னதுக்கு கட்டிச்சா?"

"நான் எழுதிக் குடுத்ததப் படிச்சிட்டு கட்டிச்சி."

அவர் தாம்பாளத்திலிருந்து தன் வீட்டுக் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்தார். இரண்டு வரிகளுக்கு நடுவில் இடம் இல்லாததால் ஓரத்தில், படகில் பேர் எழுதுகிற மாதிரி பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். எழுதிவிட்டுக் கடலில் அடுத்த படகைக் கூப்பிடுகிற குரலில் அவரே படித்தார்.

"பொண்ணு சிதம்பரத்து வேலைக்குப் போவும். எங்க வீட்டுல யாரும் வேணாம்னு சொல்லக் கூடாது. நானும் சொல்லக் கூடாது." படித்துவிட்டு நிமிர்ந்து, "போதுமா?" என்றார்.

செம்பியன் வழக்கத்தையெல்லாம் மறந்து, "சம்மதம்!" என்று கத்தினார். மாப்பிள்ளை சம்மதம் சொல்லக்கூடாது, பெரியவர்கள்தான் சொல்லவேண்டும். கூடமே சிரித்தது. அவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முறைப்படி பெண் வீட்டுப் பக்கம் திரும்பி, "அய்யனாரு, உங்க பக்கம் சம்மதமா?" என்று கேட்டார்.

அதுவரை ஒவ்வொரு வரிக்கும் உடனே சம்மதம் சொல்லிவந்த அய்யனார், இதற்கு மட்டும் சொல்லவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"வேலைக்குப் போறது அவ" என்றார். "அவளக் கேளுங்க."

பெரியவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பஞ்சாயத்தார் முன்னால், ஊர் முன்னால், இளவரசியைப் பார்த்து, "சம்மதமாம்மா?" என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன், அதனால் அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "சம்மதம்" என்று அவள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.